நடந்தது எப்போது, வந்தது எப்போது?

போன இதழில் ராணுவத்தின் 'ஆப்ஸ் ரூம்' பற்றி, அதாவது செய்திகள் வந்து குவிந்து முடிவுகள் எடுக்கப்படும் அறையைப் பற்றி, அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் சிக்னல்ஸ் பிரிவில் 26 வருடம் இருந்தவன். சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல், சுவரெல்லாம் மேப் தொங்கும் ஒரு அறைக்குப் பக்கத்து அறையில், காதில் ஹெட்போனும் கையில் பென்சிலுமாகக் கழிந்தது. முடிவெடுக்கிறவர்கள் உள்ளே இருப்பார்கள், செய்திச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் நாங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவனின் பதில்களாகவே இவற்றைப் படியுங்கள்.

கேள்வி: பின்லேடன் மீதான தாக்குதலை அமெரிக்கத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் புகைப்படத்தில் அதிபர் ஒபாமா மூலையில் உட்கார்ந்திருக்கிறார். நடு நாற்காலியில் சீருடையோடு இருப்பவர் யார்? அதிபரை விடவா பெரியவர்?

பதவியில் பெரியவர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் கருவியைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். விமானப்படையைச் சேர்ந்த பிரிகேடியர் ஜெனரல் மார்ஷல் வெப். படம் 2011 மே 1 அன்று வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரர் பீட் சூசா எடுத்தது. 'சிச்சுவேஷன் ரூம்' என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது பல அறைகள் சேர்ந்த இடம். பக்கத்திலேயே பெரிய கூட்ட அறை இருந்தும் அத்தனை பேரும் இந்தச் சின்ன அறைக்குள் வந்து நெருக்கியடித்து நிற்கிறார்கள். பாகிஸ்தானில் பின்லேடன் இருந்த அபோட்டாபாதிலிருந்து வரும் நேரடிக் காட்சி வெப் இருந்த அறையில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அதிபர் உள்ளே வந்ததும் வெப் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். ஒபாமா அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது இதுதான். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது வயர்லெஸ் செட்டில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பக் கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரி உள்ளே வந்தாலும் ஆபரேட்டர் எழுந்து சல்யூட் அடிக்க வேண்டியதில்லை என்று எங்களுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் பல பேருக்குக் கால் தானாக எழுந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அறையில் இருந்த யாரும் அப்போது கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. கட்டளை ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் இருந்த வைஸ் அட்மிரல் வில்லியம் மெக்ரேவனிடம் இருந்தது. ஹெலிகாப்டர் ஒன்று வளாகத்துக்குள் விழுந்தபோது அடுத்த திட்டத்துக்கு மாறச் செய்தவர் அவர். வாஷிங்டனில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் முகத்தில் தெரியும் தவிப்புக்குப் பாதிக் காரணம் அது என்று நினைக்கிறேன்.

கேள்வி: அந்த சிச்சுவேஷன் ரூம் எப்போது, எதற்காக வந்தது?

ஒரு தோல்விக்குப் பிறகு வந்தது. 1961 ஏப்ரலில், நாட்டை விட்டு வெளியேறிய கியூபர்கள் சுமார் 1,400 பேரை பன்றிகள் விரிகுடாவில் கரையிறக்கி, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க அமெரிக்கா முயன்றது. மூன்றே நாளில் எல்லாம் நொறுங்கியது. அந்த நாட்களில் வெளியுறவுத் துறைக்கு ஒரு தந்தி வரும், ராணுவத் தலைமையகமான பென்டகனுக்கு வேறொன்று, உளவு அமைப்பான சிஐஏவுக்கு இன்னொன்று. அதிபர் கென்னடியிடம் வந்து சேர்ந்ததெல்லாம் இவர்கள் ஒவ்வொருவரும் படித்து, சுருக்கி, எடுத்து வந்த பகுதி மட்டும். அசல் செய்தியே தன் கட்டடத்துக்கு வர வேண்டும் என்று கென்னடி முடிவு செய்தார். அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி அந்த வேலையைக் கையில் எடுத்தார். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில், ட்ரூமன் காலத்தில் பௌலிங் விளையாடும் இடம் இருந்த கீழ்த்தளத்தில், சில வாரங்களிலேயே அறை தயாரானது.

தலைவர்கள் உட்காரும் மேஜையைத்தான் எல்லோரும் படத்தில் பார்க்கிறோம். உயிர் இருப்பது பக்கத்து அறையில். அங்கே 24 மணி நேரமும் முறைவைத்து டியூட்டி பார்க்கிறவர்கள் வரும் செய்திகளைப் பிரிக்கிறார்கள். எது காலை வரை காத்திருக்கலாம், எதற்காக அதிபரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்று முதலில் யோசிப்பவர் அங்கே இருக்கும் ஒரு நடுத்தர அதிகாரி. பெயர் யாருக்கும் தெரியாது.

கேள்வி: இரண்டு வல்லரசுத் தலைவர்களின் மேஜையிலும் சிவப்பு டெலிபோன் இருக்கும், எடுத்தால் மறுமுனையில் மற்றவர் பேசுவார் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தேன். உண்மைதானே ஐயா?

இல்லை அம்மா. பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். அது டெலிபோன் இல்லை, டெலிபிரிண்டர், அதாவது இங்கே தட்டச்சு செய்தால் மறுமுனையில் காகிதத்தில் அச்சாகும் இயந்திரம். வருடக்கணக்கில் டெலிபிரிண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

1962 அக்டோபரில், சோவியத் நாடு கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடி. 26-ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ், கென்னடிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் கொடுக்கச் செய்தார். அதை மொழிபெயர்த்து, சங்கேதத்தில் மாற்றி, வாஷிங்டனுக்கு அனுப்பி முடிக்க ஏறத்தாழ அரை நாள் ஆனது. உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கிறது, கடிதமோ பகுதி பகுதியாக வந்துகொண்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் தன் தந்திகளைத் தனியார் தந்தி நிறுவனத்திடம்தான் கொடுத்தார். அதை வாங்கிப் போக ஒரு இளைஞர் சைக்கிளில் வருவார். அவர் வழியில் எங்கும் நிற்காமல் போக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்ததாக டோப்ரினின் பிற்பாடு எழுதினார். அதனால்தான் 28-ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை குருஷேவ் மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் செய்தார். தந்தியை நம்ப அவருக்கு நேரமில்லை.

இந்த அனுபவத்தால் பயந்துபோய்த்தான் 1963 ஜூன் 20 அன்று இரு நாடுகளும் நேரடித் தொடர்புக்கு ஒப்பந்தம் போட்டன. ஆகஸ்ட் 30 அன்று அது வேலை செய்ய ஆரம்பித்தது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோ வரை கம்பி. அமெரிக்க முனை இருந்தது அதிபரின் மேஜையில் இல்லை, பென்டகனில். அமெரிக்கர்கள் ஆங்கில எழுத்து டெலிபிரிண்டர்களை மாஸ்கோவுக்குக் கொடுத்தார்கள், சோவியத் தரப்பு ரஷ்ய எழுத்து இயந்திரங்களை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. ஒவ்வொருவரும் தங்கள் மொழியிலேயே அனுப்ப வேண்டும், மொழிபெயர்ப்பது பெறுகிறவர் பொறுப்பு. சங்கேதத்தில் மாற்றவும் திரும்பப் படிக்கவும், ஒரே ஒரு முறை பயன்படுத்தும் சாவி நாடா. மணிக்கொரு முறை சோதனைச் செய்தி. இரட்டைப்படை மணியில் அமெரிக்கா அனுப்பும், ஒற்றைப்படை மணியில் சோவியத் தரப்பு அனுப்பும். எதுவுமே நடக்காத ஆயிரக்கணக்கான இரவுகளில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஏன் குரல் வேண்டாம் என்றார்கள்? கோபத்தில் பேசிவிட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ஒரு வினைச்சொல்லை மாற்றிவிட்டால் தீர்ந்தது. எழுத்தாக வந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம், கொஞ்சம் யோசிக்கலாம். 1967 ஜூன் மாத அரபு-இஸ்ரேல் போரில் இந்தத் தொடர்பு நிஜமாகவே உதவியது. 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டதும், அதற்கு உதவத்தான் எங்கள் விமானங்கள் கிளம்புகின்றன, உங்களைத் தாக்குவதற்கு இல்லை என்று அதிபர் ஜான்சன் மாஸ்கோவுக்குத் தகவல் கொடுத்தது இந்த வழியில்தான்.

கேள்வி: இந்த அறைகளின் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டியிருப்பது எதற்கு?

வெவ்வேறு இடங்களின் நேரத்துக்காக. ஒன்று கட்டாயம் 'ஜூலு' நேரம் காட்டும், அதாவது கிரீன்விச் நேரம். வெள்ளை மாளிகையில் இன்னொரு கடிகாரம், அதிபர் அப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் நேரத்தைக் காட்டும்.

கேள்வி: நீங்கள் எழுதுவதெல்லாம் தந்திக் காலத்துக் கதை. இன்று செயற்கைக்கோள், டிரோன், நேரலை எல்லாம் வந்துவிட்டது. தலைவர்கள் நடப்பதை நடக்கும்போதே பார்க்கிறார்கள். இனி என்ன தாமதம், என்ன குழப்பம்?

கேட்டவர் ஒரு பொறியியல் மாணவர். தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இதற்குப் பதில் சொல்ல என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் நாயக் ஆக, அதாவது ஹவில்தாருக்குக் கீழே இருந்த காலம். ஒரு மலை முனையில் இரவு டியூட்டி. முன்னால் இருந்த சாவடி ஒன்றிலிருந்து, கீழே பள்ளத்தாக்கில் விளக்குகள் நகர்கின்றன என்று செய்தி வந்தது. அவர்கள் அதைப் பார்த்தது 1 மணி 10 நிமிடத்துக்கு. நடுவில் லைன் அறுந்து கிடந்ததால் எனக்கு வந்து சேர்ந்தது 3 மணி 40-க்கு. சீட்டில் நடந்த நேரம், வந்த நேரம் என்று இரண்டு கட்டம் உண்டு. நான் அவசரத்தில் 3:40 என்பதை மட்டும் எழுதி உள்ளே கொடுத்துவிட்டேன். கிட்டத்தட்ட அதே நேரத்தில், பள்ளத்தாக்கின் மறுகோடியில் விளக்குகள் தெரிவதாக இன்னொரு சாவடி சொன்னது. மேப்பின் மேல் போட்டிருந்த, உள்ளே தெரியும் டால்க் தாளில் டியூட்டி ஆபீசர் இரண்டு சிவப்புக் குறி போட்டார். இரண்டு கூட்டம் வருகிறது என்று அர்த்தமாகிவிட்டது. இருட்டில், பனியில், இரண்டு பக்கமும் ரோந்து கிளம்பியது. ஒரு ஜவான் பாறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். விடிந்ததும் பார்த்தால், லாந்தரோடு ஆடு ஓட்டிப் போன மேய்ப்பர்கள். ஒரே கூட்டம். இரண்டரை மணி நேரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்திருக்கிறார்கள்.

எங்கள் ஹவில்தார் என்னைத் திட்டவில்லை. அந்தச் சீட்டை என் முன்னால் வைத்து, காலியாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அதற்கப்புறம் நான் கையில் வாங்கிய ஒவ்வொரு சீட்டிலும் முதலில் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். பிற்பாடு என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "நடந்தது எப்போது, வந்தது எப்போது?"

இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் 1940-இல் லண்டன் பக்கத்தில் அக்ஸ்பிரிட்ஜ் பாதாள அறையில் இருந்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 11-ஆவது குரூப்பின் ஆப்ஸ் ரூம் அது. நடுவில் பெரிய மேப் மேஜை. பெண்கள் விமானப்படைப் பிரிவினர் நீளக் கம்புகளால் வில்லைகளை நகர்த்துவார்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தை ஐந்தைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் தீட்டியிருப்பார்கள். செய்தி வந்த நிமிடத்தில் முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ, அந்த நிறத்து அம்பைத்தான் மேஜையில் வைக்க வேண்டும். மேலே மாடத்தில் இருந்து பார்ப்பவருக்கு எதிரி விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது, அந்தத் தகவல் எவ்வளவு பழசு என்றும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு பைசா மின்னணு கிடையாது. பெயின்டும் மரத்துண்டும்தான். அந்தக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவரை நேரில் பார்த்தால் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ராடார் நிலையங்கள் பார்த்ததை நேராக மேஜைக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் பென்ட்லி ப்ரையரியில் இருந்த 'ஃபில்டர் ரூம்' போகும். ஒரே கூட்டத்தை மூன்று ராடார் மூன்று இடத்தில் காட்டினால், அது மூன்றா, ஒன்றா என்று அங்கே ஒருவர் தீர்மானிப்பார். என் மலை முனையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த ஜவானின் கால் தப்பியிருக்கும். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் 1940 செப்டம்பர் 15 அன்று அக்ஸ்பிரிட்ஜுக்கு வந்து மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். சண்டை உச்சத்துக்குப் போனபோது கையிருப்பில் வேறு என்ன படை இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் தளபதி கீத் பார்க். தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்ன பதில்.

சரி, நேரலைக்கு வருகிறேன். 1988 ஜூலை 3, பாரசீக வளைகுடா. அமெரிக்கப் போர்க்கப்பல் 'வின்சென்ஸ்'. அந்தக் காலத்தில் அதைவிட நவீனமான கட்டுப்பாட்டு அறை எந்தக் கப்பலிலும் இருந்ததில்லை என்றே சொல்லலாம். ஈரான் ஏர் 655, ஒரு பயணிகள் விமானம், புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கப்பலின் கணினி அதைச் சரியாகவே பதிவு செய்தது. பிறகு நாடாவைப் போட்டுப் பார்த்தபோது, விமானம் ஏறுவது அதில் தெளிவாக இருந்தது. ஆனால் திரைக்கு முன்னால் இருந்தவர்கள், அது இறங்கி வருகிறது, தாக்க வருகிறது என்று கேப்டனிடம் சொன்னார்கள். அப்போது அந்தக் கப்பல் ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது. தாக்குதலை எதிர்பார்த்தவர்களின் கண்ணுக்குத் தாக்குதலே தெரிந்தது. 290 பேர் இறந்தார்கள். அதில் 66 பேர் குழந்தைகள்.

அந்த அறையில் தகவல் தாமதமாக வரவில்லை, தம்பி. சரியான தகவல் சரியான நேரத்தில் திரையில் இருந்தது. அந்தத் திரையைப் படித்து வாயால் சொல்வது ஒரு மனிதர், அதைக் கேட்டு நம்புவது இன்னொரு மனிதர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் குறைத்துவிடவில்லை.

கேள்வி: கணினி பொய்யாக எச்சரித்து, உலகமே அழியப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். நிஜமா?

ஒரு முறை இல்லை, பல முறை. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்பாதுகாப்பு மையத்தின் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் பெருமளவில் வருவதாகத் தெரிந்தது. பயிற்சிக்காக வைத்திருந்த தரவு நிஜக் கணினிக்குள் ஓடிவிட்டது. போர் விமானங்கள் கிளம்பிவிட்டன. ராடார், செயற்கைக்கோள் நிலையங்களை நேராகக் கேட்டபோது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அடுத்த வருடம் ஜூன் 3 அன்று, பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 2 என்ற எண் வர ஆரம்பித்தது. இரண்டு ஏவுகணை, இருநூறு, இரண்டாயிரம் என்று திரை காட்டியது. காரணம் 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டி. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற ரகசிய மையம். டியூட்டியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் அவர். அமெரிக்காவிலிருந்து ஒரு ஏவுகணை கிளம்பியதாகச் செயற்கைக்கோள் சொன்னது, பிறகு இன்னும் நான்கு. போரைத் தொடங்குகிறவர்கள் ஐந்தே ஐந்தையா அனுப்புவார்கள் என்று யோசித்தார். தரை ராடாரிலும் எதுவும் தெரியவில்லை. இது கருவிக் கோளாறு என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் சொன்னது சரி. மேகங்களின் உச்சியில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் விசாரணை வந்தது. நடந்ததை நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் புக்கை அந்த இரவில் ஏன் உடனுக்குடன் எழுதவில்லை என்று அவரைக் கண்டித்தார்கள். ஒரு கையில் டெலிபோன், மறு கையில் இண்டர்காம், மூன்றாவது கை எனக்கு இல்லையே என்றாராம். லாக் புக்தான் எல்லாம் என்று வாழ்ந்தவன் நான். அந்த ஒரு இரவுக்கு மட்டும் லாக் புக் காலியாக இருந்தால் பரவாயில்லை என்று மனதாரச் சொல்வேன்.

கேள்வி: சர்ச்சிலின் பாதாள அறையில் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ரகசிய டெலிபோன் இருந்ததாமே?

இருந்தது. வெளியில் பார்த்தால் பிரதமரின் தனிக் கழிப்பறை என்று நினைக்கும்படி கதவில் பூட்டு. உள்ளே அமெரிக்க அதிபரோடு பேசும் தொலைபேசி. அந்த அறைகள் 1939 ஆகஸ்ட் 27 அன்று, போர் அறிவிக்கப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, செயல்பட ஆரம்பித்தன. 1945 ஆகஸ்ட் வரை மேப் ரூமில் ஆள் இல்லாத நேரமே கிடையாது. அங்கே இன்றும் தொங்கும் அட்லாண்டிக் மேப்பில், கப்பல் கூட்டங்களை நகர்த்தி நகர்த்திக் குத்திய ஊசிகளின் துளைகள் அடர்ந்திருக்கின்றன. சில இடங்களில் காகிதமே மிஞ்சவில்லை. போய்ப் பார்க்கிறவர்கள் டெலிபோன் அறையில் நிற்கும் நேரத்தில் பாதியை அந்த மேப்பின் முன் நின்றால் நல்லது.

கேள்வி: இவையெல்லாம் போருக்குத்தானா? அரசியல் நெருக்கடிகளுக்கும் இப்படி அறைகள் உண்டா?

நிறைய உண்டு. பிரிட்டனில் 'கோப்ரா' கூட்டம் என்று செய்திகளில் வருமே, அது அமைச்சரவை அலுவலகத்தின் கூட்ட அறைகளின் பெயர்ச் சுருக்கம். 1972-இல் நடந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு.

சிலி நாட்டில் அதிபர் அயெண்டே காலத்தில், நாட்டின் தொழிற்சாலைகளைக் கவனிக்க, ஸ்டாஃபோர்ட் பியர் என்ற பிரிட்டிஷ் நிபுணரின் யோசனையில் ஒரு அறை கட்டினார்கள். அறுகோண வடிவம், ஏழு சுழல் நாற்காலிகள், கைப்பிடியில் பொத்தான்கள். இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் வியக்கிறார்கள். ஆனால் 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் நாட்டையே முடக்கியபோது அந்த அறை தயாராகவே இல்லை. அப்போது அரசுக்குக் கைகொடுத்தது தொழிற்சாலைகளில் வைத்திருந்த, டெலிபிரிண்டர் போன்ற டெலக்ஸ் இயந்திரங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த லாரி ஓடுகிறது என்று ஊர் ஊராகத் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இருந்த கொஞ்ச லாரிகளை வைத்துப் பொருட்களை நகர்த்தினார்கள். நாற்காலி பின்னால் வந்தது. 1973 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த அறை அழிந்தது.

அறை இருந்தும் உதவாத கதை ஜப்பானில் நடந்தது. 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமி, பிறகு ஃபுகுஷிமா அணு உலை விபத்து. பிரதமர் அலுவலகத்தின் பாதாளத் தளத்தில் நெருக்கடி மேலாண்மை மையம் இருக்கிறது. எல்லாத் துறை அதிகாரிகளும் அங்கே கூடிவிட்டார்கள். பாதுகாப்புக்காக அங்கே கைபேசி வேலை செய்யாது. பிரதமரும் அவருக்கு நெருக்கமானவர்களும் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே வந்த தகவல் மேலே போகவில்லை, மேலே எடுத்த முடிவு கீழே தெரியவில்லை. விசாரணைக் குழு இதைப் பெரிய குறையாகக் குறிப்பிட்டது. அணு உலைக்குச் சுமார் 5 கிலோமீட்டரில் இதற்காகவே கட்டிய அவசர மையமும் மின்சாரம் போய்ப் பயன்படாமல் போனது. மறுநாள் பிற்பகல் முதல் உலைக் கட்டடம் வெடித்தது. அதிகாரிகள் விளக்குவதற்குள் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார்கள். ஆயிரம் மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்த மனிதர்கள், ஒரே கட்டடத்தில் மாடிப்படிக்கு ஆள் போட மறந்துவிட்டார்கள்.

நம் நாட்டு உதாரணமும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த ஐசி 814 கடத்தப்பட்டு அமிர்தசரஸில் இறங்கியது. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் அது தரையில் நின்றது. டெல்லியில் நெருக்கடி மேலாண்மைக் குழு கூடியிருந்தது. பேசினார்கள், ஆலோசித்தார்கள். ஓடுபாதை மறிக்கப்படவில்லை. எரிபொருள் நிரப்பாமலே விமானம் பறந்து லாகூர் போனது. பிறகு துபாய், காந்தஹார். அந்த நிமிடங்கள் ஒவ்வொன்றும் எனக்கு வலிக்கும். விமானம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, டெலிபோன் வேலை செய்கிறது, தகவலும் வருகிறது. முடிவு மட்டும் தரைக்கு வந்து சேரவில்லை. வரும் வழியைப் பற்றி இவ்வளவு எழுதினேன், போகும் வழியும் அதே அளவு முக்கியம்.

கேள்வி: தலைவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பது நல்லதா, கெட்டதா?

எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. வியட்நாம் போரின்போது அதிபர் ஜான்சன் ராத்திரி ராத்திரியாகத் தூக்கமில்லாமல் சிச்சுவேஷன் ரூமுக்கு டெலிபோன் செய்வார், நேரில் இறங்கியும் வருவார். 1968-இல் அங்கே அமெரிக்கர்களின் கே சான் தளம் முற்றுகையில் இருந்தபோது, அந்த நிலப்பரப்பின் மாதிரி ஒன்றைச் செய்து சிச்சுவேஷன் ரூமில் வைத்திருந்தார்கள். அதன் மேல் குனிந்து நிற்கும் ஜான்சனின் புகைப்படம் இருக்கிறது. அவர் அக்கறையைச் சந்தேகிக்க மாட்டேன். ஆனால் ஒரு குன்றை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு மற்றவை மங்கலாகிவிடும்.

கென்னடி 1962 நெருக்கடியில் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆலோசனைக் குழுவின் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை. தான் இருந்தால் மற்றவர்கள் மனம் திறந்து பேச மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி இருந்தும் அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாதது எவ்வளவோ. அக்டோபர் 27 அன்று கியூபா அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அதற்குள் அணு ஆயுத டார்பிடோ இருந்தது வாஷிங்டனுக்குத் தெரியாது. நீர்மூழ்கிக்கு மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டதோ என்று கேப்டன் கொதித்தார். உடன் இருந்த வசிலி ஆர்கிபோவ் சம்மதிக்கவில்லை, அதனால் டார்பிடோ கிளம்பவில்லை. உலகின் இரண்டு பெரிய கட்டளை அறைகளும் அந்த நிமிடத்தில் குருடாகத்தான் இருந்தன.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இப்படிப்பட்ட அறையில் வேலை பார்க்க ஆசை. இப்போதிருந்தே என்ன பழக வேண்டும்?

மூன்று பத்தியாக எழுதி வைத்திருந்தேன் அம்மா. அடித்துவிட்டு ஒரே பயிற்சி தருகிறேன். ஒரு நோட்டு எடுத்துக்கொள். ஒரு வாரம், உன் காதுக்கு வரும் பெரிய செய்தி ஒவ்வொன்றையும் எழுது. முதல் கட்டத்தில் அது நடந்த நேரம், அடுத்ததில் உனக்கு வந்த நேரம், மூன்றாவதில் யார் சொன்னது, அவர் பார்த்தாரா, கேட்டாரா. நேரம் தெரியாவிட்டால் ஊகித்து நிரப்பாதே, 'தெரியவில்லை' என்று எழுது. பேனா வேண்டாம், பென்சில் போதும். ஆனால் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் திருத்தி எழுது, பழையது படிக்கும்படி இருக்கட்டும். ஏழாம் நாள் முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.